ஆக்னஸின் பேச்சு

தம்பி கிளிஃபோர்ட் எழுதிய நாவலில் ஆக்னஸ் என்று வருகிறவள் தான்தான் என்பது ஐவிக்கு மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. நெசவாலையில் அவள் ஓட்டும் அதே நான்கு தறி, அதே வீங்கிய கால். ஆக்னஸின் தம்பியாக வருகிறவன் கிளிஃபோர்டேதான். இருவரும் இங்கிலாந்தின் நெசவு ஊரான பர்ன்லியில் ஒரே வீட்டில், ஒரே தாயிடம் ஏச்சு வாங்கி வளர்ந்தவர்கள். ஆனால் புத்தகத்தில் அக்கா வாயைத் திறந்தால், "எம்புட்டுச் சத்தம்டா சாமி! எங்காதே புட்டுக்கிச்சு!" என்கிறாள். பத்து வயதுத் தம்பியோ, "வருந்தாதே அக்கா, ஒருநாள் உன்னை இங்கிருந்து அழைத்துச் செல்வேன்" என்கிறான்.

நெசவாலையில் அந்தப் புத்தகம் கைமாறிக்கொண்டே இருந்தது. தறிகள் ஓடும்போது அங்கே யார் கத்தினாலும் காதில் விழாது. அதனால் பெண்கள் குரலை விட்டுவிட்டு உதட்டால் பேசுவார்கள். வாயை நன்றாக அகட்டி, ஒவ்வொரு சொல்லையும் முழுதாக வடித்துக் காட்ட வேண்டும். பாதியை விழுங்கினால் எதிர்த்தறிக்காரிக்குப் புரியாது. பிள்ளைப்பேறு முதல் பிரிவு வரை அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். புத்தகத்திலோ, அதே தறிக்கூடத்தில் ஆக்னஸ் ஓர் அத்தியாயம் முழுக்கக் கத்துகிறாள். பக்கத்து வரிசை மேபல் ஆக்னஸைப் போல வாயைக் கோணிக் காட்ட, கூடமே சத்தமில்லாமல் குலுங்கியது. ஐவி அறுந்த இழையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளிஃபோர்ட் லண்டனிலிருந்து வந்தான். புத்தகம் மறுபடி அச்சுக்குப் போகிறதாம். ஐவி இதற்காகத்தான் காத்திருந்தாள்.

"அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுடா. ஆக்னஸையும் அவ தம்பி மாதிரி பேச விடு. இல்லாட்டி அவனையும் அவள மாதிரி பேச வை. எது வேணா செய், ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் புள்ளைங்களா இருக்கட்டும்."

"அக்கா, படிக்கிறவங்களுக்கு ஆள் எந்த ஊர்னு தெரியணும்ல? முதல்ல சாதாரணமாத்தான் எழுதினேன். மண்வாசனை பத்தலன்னு பதிப்பாளர்தான் திருப்பி அனுப்பினார்."

"அப்ப அவன் மேல மட்டும் ஏன்டா மண்ணு ஒட்டல?"

கிளிஃபோர்ட் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவன் பின்னாடி எழுத்தாளன் ஆகுறான்ல."

"பத்து வயசுல நீ எப்படிப் பேசுனன்னு எனக்குத் தெரியாதா? மேபல்கூட எம் மூஞ்சிக்கு நேரா ஆக்னஸ் மாதிரி ஆடிக் காட்டுறா. நான் நாளைக்கும் அங்கதான்டா போய் நிக்கணும்."

"அவங்க கிடக்காங்க விடு. லண்டன்ல எல்லாருக்கும் ஆக்னஸைத்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு. அதை மாத்த முடியாதுக்கா."

ஐவி எழுந்து, விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கும் பூப்போட்ட கோப்பையை இறக்கித் துடைத்தாள்.

"தாங்கள் தேநீர் அருந்துகிறீர்களா?" என்றாள். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

"அக்கா, என்ன இது..."

"நெடுந்தூரம் பயணம் செய்து வந்திருக்கிறீர்கள். களைப்பாக இருக்கும். சர்க்கரை எவ்வளவு இடட்டும்?"

அவன் எதையாவது சொல்லி அவளை இந்தப் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்று தவித்து, சின்ன வயதுப் பேச்சையே தேடிப் பிடித்தான்.

"யக்கோவ், எம்புட்டு வேணுமின்னு ஒனக்குத் தெரியாதாக்கும்?"

அது அவர்கள் தெருப் பேச்சாக வரவில்லை. அவன் வாயிலிருந்து ஆக்னஸ்தான் பேசினாள். அது அவனுக்கே கேட்டது. ஐவி சர்க்கரை அள்ளிய கரண்டியைக் கோப்பைக்கு மேலே பிடித்தபடி, பதிலுக்காக மரியாதையோடு காத்துக்கொண்டிருந்தாள்.