நல்ல தண்ணி

யுவராணியின் வரைபடத்தில் நடுவே ஒரு மேடு இருந்தது. எம்.எஸ்சி. இயற்பியலில் அவள் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

எத்தனாலில் தண்ணீரைக் கூட்டக் கூட்ட, கலவையின் மின்காப்பு மாறிலி சீராக ஏற வேண்டும் என்பது புத்தகம். அவளுடையது பாதி வழியில் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு மூலக்கூறுகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் புதுவிதமாகக் கைகோத்திருக்கின்றன என்று அவளுடைய வழிகாட்டி ஜோதிலட்சுமி மேடம் தீர்ப்பளித்து, துறை வாட்ஸ்அப் குழுவிலும் அறிவித்துவிட்டார். மதுரைக் கருத்தரங்கில் யுவராணி அதைப் படிக்க வேண்டும். அங்கே வரும் பேராசிரியருக்குப் பிடித்துப்போனால் ஆராய்ச்சிக்கு இடம். இல்லாவிட்டால் கூடலூரில் தாய்மாமன் மகனின் ஜீப் காத்திருந்தது. ஜீப்போடு தாய்மாமன் மகனும்.

கிளம்பும் காலையில் ஆய்வக உதவியாளர் அம்மாவாசி கேனோடு வந்தார்.

“ஏத்தா, தண்ணியில தண்ணிய ஊத்துற சோலி முடிஞ்சுச்சா? இன்னொரு கேன் புடிக்கவா?”

“காச்சி வடிக்கிற மிஷின் சரியாயிருச்சாண்ணே?”

“அது எங்கிட்டுச் சரியாச்சு? போன மாசமே படுத்துருச்சே. நீதான ‘எங்கனயாச்சும் நல்ல தண்ணி புடிச்சு வைங்கண்ணே’ன்ன? கேண்டீன் கொழாயில மொத ஆளா நின்னு புடிச்சேன். உப்புத் தண்ணி ஒரு சொட்டு கலக்கல. குடிச்சுப் பாரு, கல்கண்டு!”

யுவராணி கேட்ட நல்ல தண்ணி, காய்ச்சி வடித்த தண்ணீர். குடிதண்ணீரில் கரைந்த உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும். கருவி அதையும் சேர்த்து அளந்து எண்ணை ஊதிக்காட்டும். அவள் வரைபடத்தின் இரண்டு ஓரங்களையும் முதலில் முடித்து, நடுவைக் கடைசிக்கு வைத்திருந்தாள். மிஷின் படுத்ததும் அப்போதுதான்.

எதிரே மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் வாங்கிவந்து ஒரு கலவையை மறுபடி அளந்தாள். புள்ளி நல்ல பிள்ளையாகக் கோட்டில் போய் உட்கார்ந்தது.

மதுரை பஸ்ஸில் மேடத்திடம் சொன்னாள்.

“மேடு இல்ல மேடம். அது கொழாத் தண்ணி.”

மேடம் முன் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “யார் யாருக்குத் தெரியும்?”

“எனக்கும் அம்மாவாசி அண்ணனுக்கும். தனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது.”

“அப்ப பேசாமப் படி.”

மேடையில் மேடு திரையில் விழுந்ததும் முன்வரிசைப் பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக்கூடத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு யுவராணிக்குப் பொய் வாயில் வரவில்லை.

“இது ஹைட்ரஜன் பிணைப்பு இல்லங்க சார். எங்க காலேஜ் குடிதண்ணி.”

அரங்கம் சிரித்தது. பேராசிரியரும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தன் போனுக்குத் திரும்பினார். மேடம் சிரிக்கவில்லை. தேனி திரும்பும் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார்.

உசிலம்பட்டி தாண்டும்போது போன் அடித்தது. தாய்மாமன் மகன். “தேனிக்குத்தான் ஜீப்பு வருது. ஏத்திக்கிரவா?”

போனைக் காதோடு இடுக்கிக்கொண்டாள். பையில் அம்மாவாசி நிரப்பிக் கொடுத்த பாட்டில் இருந்தது. எடுத்துக் குடித்தாள். நல்ல தண்ணிதான்.