இருபத்தேழு காதுக்கற்கள்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் ஒரு கிழவர் சொன்னது என்று எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் அளந்திருக்கிறேன். நம்பிவிட்டார்கள். உண்மையில் இது கிடைத்தது மீன் ஆலையில், சால்மன் முட்டைக்கு உப்புப் போடும் மேசையருகே. கையுறையைக் கழற்றாமல் ஒருத்தி சொன்னாள்: "என் தங்கச்சி என்னைச் சந்தேகப்படுறா."

சொன்னவள் நோபுயோ. பத்தொன்பது வருடமாக எனக்கு எதிரில் நின்று வேலை பார்க்கிறவள். இலையுதிர் காலத்தில் ஆலை, குளிர்காலத்தில், முட்டையிலிருந்து மீன்குஞ்சு எடுக்கும் பொரிப்பகத்தில் துப்புரவு வேலை. சந்தேகப்பட்டவள் தொமோயே, துறைமுகத்தை ஒட்டிய மீன்வள ஆய்வகத்தில் இருக்கிறாள்.

நோபுயோவின் பக்கம் இருந்துதான் முதலில் எழுதினேன். நான்கு பிரதி. எழுத எழுத அவள் நல்லவளாகிக்கொண்டே போனாள். அப்படிப்பட்ட ஆளை நான் நம்புவதில்லை. அதனால் தங்கையின் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன்.

2

"அக்டோபர் பனிமூட்டத்தில் சிபெநாய் ஓடை வெள்ளிக் கோடாக நெளிந்து..."

(விட்டுவிட்டேன். அன்று பனிமூட்டமும் இல்லை, வெள்ளியும் இல்லை. செத்த மீன் நாற்றம்தான் இருந்தது.)

மறுபடியும். தொமோயே வாளியோடு ஓடைக்கரையில் நடந்துகொண்டிருந்தாள். முட்டையிட்டு ஓய்ந்த சால்மன்கள் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. காக்கைகள் கண்ணை மட்டும் கொத்தி எடுத்திருந்தன. அவள் தலைகளை அறுத்து வாளியில் போட்டாள். முப்பத்தொன்று.

அந்த ஓடையில் நாற்பது வருடமாக ஒரு மீனும் ஏறியதில்லை. வெள்ளத்துக்குப் பயந்து குறுக்கே கட்டிய கான்கிரீட் சுவர் மறித்திருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் வந்த சூறாவளியில் சுவர் உடைந்தது. இந்த வருடம் மீன் வந்தது. கடல் சூடேறி, பொரிப்பகத்து ஆற்றுக்கே வருடாவருடம் மீன் குறைந்துவரும் காலம். ஊருக்கு மகிழ ஒரு காரணம் வேண்டியிருந்தது. பாலத்தில் துணிப் பதாகை கட்டினார்கள்: "தாமாகவே திரும்பி வந்தன."

'தாமாகவே' என்ற சொல்லுக்கு அங்கே விலை உண்டு. சுவரைத் திரும்பக் கட்டுவதா வேண்டாமா என்று ஊர் மன்றம் முடிவெடுக்க இருந்தது. மீன் தானாக வந்திருந்தால் சுவர் இல்லை என்பது பேச்சு. தானாக வந்ததா என்று எழுதிக் கொடுக்கவேண்டியவள் தொமோயே.

3

சால்மன் சரளைக்குள் பிறந்து, விரலளவுக் குஞ்சாகக் கடலுக்குப் போய், நான்கு வருடம் மேய்ந்து, பிறந்த தண்ணீரின் வாசனையைப் பிடித்துத் திரும்பி வந்து, முட்டையிட்டுச் சாகும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த மீனின் தலைக்குள், காதுப்பக்கம், உளுந்தளவுக்கு ஒரு கல் இருக்கிறது, மரத்தைப்போல அது வளையம் வளையமாக வளர்கிறது என்பது தொமோயே மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியும். பொரிப்பகத்தில், முட்டைக்குள் குஞ்சுக்குக் கண் தெரியும் பருவத்தில், தண்ணீரைச் சில நாள் குளிரவைத்துச் சில நாள் விடுவார்கள். ஒவ்வொரு குளிருக்கும் கல்லில் ஒரு கறுப்பு வளையம் விழும். அந்த வருடத்துத் தொகுதிக்கென்று ஒரு கணக்கு. சாகிறவரை அழியாது.

முப்பத்தொரு தலையில் இருபத்தேழில் ஒரே கணக்கு இருந்தது. மூன்று வளையம், ஓர் இடைவெளி, நான்கு வளையம். நான்கு வருடத்துக்கு முந்தைய டிசம்பர்.

முதலில் நுண்ணோக்கியைச் சந்தேகப்பட்டாள். பிறகு கல்லைத் தேய்த்த தன் கையை. மூன்று நாள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வழிதவறி வந்த பொரிப்பகத்து மீன்கள் என்றால் பல வருடத்து வளையங்கள் கலந்திருக்கும். இது ஒரே தொகுதி, ஒரே முட்டைத்தட்டாக இருக்கவேண்டும். யாரோ அதைத் தூக்கிக்கொண்டுவந்து ஓடையில் வைத்திருக்கிறார்கள்.

பொரிப்பகத்தில் அப்போது நான்கு ஆண்கள், ஒரு துப்புரவுக்காரி. குடித்தால் ஆண்கள் உளறிவிடுவார்கள். நான்கு வருடமாக யாரும் உளறவில்லை.

(இந்த ஊகம் என்னுடையது. அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று எனக்குச் சொன்னதில்லை.)

4

நோபுயோ சோற்றின்மேல் உப்பிட்ட முட்டையை அள்ளி வைத்தாள்.

"என்னக்கா, இன்னிக்கு இவ்வளவு?"

"உனக்குப் பிடிக்குமேன்னுதான்."

"போன வாரமும் பிடிச்சுது. அப்ப ரெண்டு கரண்டிதான் வெச்சே."

"வேணாம்னா எடுத்துக்கறேன். சாப்பாட்டுல கூட மைக்ராஸ்கோப்பு வெப்பியா?"

தொமோயே சாப்பிடவில்லை. "நாலு வருஷத்துக்கு முன்னாடி டிசம்பர்ல, பொரிப்பகத்துல ஒரு தட்டுல பூஞ்சை பிடிச்சுதாமே."

"தட்டுக்குத் தட்டு பிடிக்கும். எந்தத் தட்டு?"

"உன்னைக் கொட்டச் சொன்ன தட்டு."

நோபுயோ வாயில் இருந்ததை மென்று முடித்தாள். "யார் சொன்னா?"

"மீன் சொல்லுச்சு."

"செத்த மீனா?"

"செத்த மீனுக்குப் பொய் சொல்லத் தெரியாதுக்கா."

"அப்ப உசுரோட இருக்கறவ சொல்றதெல்லாம் பொய். நல்லா இருக்குடி உன் உத்தியோகம்."

சுவர் வந்தால் அதற்கான லாரிப் பாதை நோபுயோவின் உருளைக்கிழங்கு வயலின் நடுவே போகும். அது இருவருக்கும் தெரியும். தொமோயே கேட்டேவிட்டாள்: "வயலுக்காகவா செஞ்சே?"

"சுவர் ஒடஞ்சு அப்ப ஒரு வருஷந்தான் ஆகியிருந்துது. திரும்பக் கட்டுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நோபுயோ. "அதுங்களுக்குக் கண்ணு வந்துடுச்சு. ஒவ்வொரு முட்டையிலயும் ரெண்டு கறுப்புப் புள்ளி. வெள்ளையா செத்ததை மூணு நாள் பொறுக்கி எடுத்தேன். மிச்சம் இருபதாயிரம் என்னையே பாத்துச்சு. சாக்கடையில கொட்டக் கை வரல."

(கதையிலேயே நல்ல வசனம் இதுதான். அதனாலேயே எனக்கு இதன்மேல் சந்தேகம். யாரும் இவ்வளவு கச்சிதமாகப் பேசுவதில்லை, நான்கு வருடம் ஒத்திகை பார்த்திருந்தால் ஒழிய. இன்னொன்று: அந்த டிசம்பரிலேயே நில அளவைக்காரர்கள் அவள் வயலோரத்தில் ஆரஞ்சு முளைக்குச்சி அடித்திருந்தார்கள். நான் பார்த்தேன். தொமோயேவிடம் சொல்லவில்லை.)

"நீ எழுதினா யாருக்கு லாபம்னு நானும் கேக்கலாம்," என்றாள் நோபுயோ. "சுவர் வேணுங்கற கூட்டம் உன் வேலையை நிரந்தரம் பண்றதாச் சொல்லுச்சாமே."

"யாரும் சொல்லல."

சொல்லியிருந்தார்கள். ஒரு விருந்தில், ஒருவர், பாதி விளையாட்டாக. தொமோயே காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

5

இங்கே ஓர் இடத்தைத் தாண்டிப் போக நினைத்தேன். நான்கு பிரதியிலும் தாண்டியிருக்கிறேன்.

மறுநாள் தொமோயே ஆலை வாசலில் எனக்காக நின்றாள்.

"மோரிதாக்கா, எங்க அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பொரிப்பகத்துலேருந்து ஓடை ஆறு கிலோமீட்டர்."

"பஸ் இருக்கே."

"டிசம்பர்ல அந்தப் பக்கம் பஸ் இல்ல."

"அப்ப நடந்திருப்பா."

அவள் என் சின்ன டிரக்கைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. போய்விட்டாள்.

அந்த டிசம்பரில் வண்டி ஓட்டியது நான்தான். நோபுயோ மடியில் போர்வை சுற்றிய பெட்டியை வைத்திருந்தாள். ஓரத்தில் தண்ணீர் கசிந்தது.

"என்னது?"

"தோஃபு."

"இவ்வளவு தோஃபுவா?"

"விருந்தாளி வர்றாங்க."

ஓடைக்கரையில் நிறுத்தச் சொன்னாள். பனிக்குள் முழங்காலிட்டு, வெறுங்கையால் சரளையைத் தோண்டினாள். நான் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

6

தொமோயேவுக்கு மூன்று வழி இருந்தது. "ஆய்வு தொடர்கிறது" என்று எழுதி இழுத்தடிக்கலாம். "வழிதவறி வந்தவை" என்று எழுதலாம், மறுக்க ஊரில் யாருக்கும் கல் படிக்கத் தெரியாது. அல்லது...

அவள் உள்ளதை எழுதினாள். இருபத்தேழு மீன் பொரிப்பகத்தின் ஒரே தொகுதி, மனிதக் கையால் கொண்டுவந்து வைக்கப்பட்டவை. நான்கு மீனில் குறி இல்லை, எங்கே பிறந்தவை என்று தெரியாது. ஆள் பெயர் எழுதவில்லை.

மன்றக் கூட்டத்தில் தலைவர் கேட்டார்: "யாரோட கை?"

தொமோயே காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"என்னோடது," என்றாள் நோபுயோ.

"நோய் பிடிச்ச தட்டும்மா அது. ஓடையெல்லாம் பரவியிருந்தா என்ன பண்றது?"

"பரவியிருந்தா என் தப்பு. பரவலைன்னாலும் என் தப்புதான். எழுதிக்குங்க."

"யார் கூட்டிட்டுப் போனது?"

"நடந்து போனேன்."

இடுப்பளவுப் பனியில் ஆறு கிலோமீட்டர். மண்டபத்தில் ஒருவரும் நம்பவில்லை. மேற்கொண்டு ஒருவரும் கேட்கவும் இல்லை. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

தாழ்வான பகுதியில் வீடு வைத்திருக்கும் ஒருவர் எழுந்தார். "மீன் தானா வரல. அப்பச் சுவரைக் கட்டுங்க. அடுத்த வெள்ளத்துல மூழ்கப்போறது எங்க வீடு."

அவர் சொன்னதும் தவறில்லை.

தொமோயே அப்போதுதான் நிமிர்ந்தாள். "இந்த மீனுங்க போன மாசம் சரளையில முட்டை போட்டிருக்கு. அதுலேருந்து வர்ற குஞ்சுங்க கல்லுல குறி இருக்காது."

"அப்ப அதுங்க யாரோட மீன்?" என்று கேட்டார் தலைவர்.

"திரும்பி வந்தாத்தான் சொல்ல முடியும்."

முடிவை நான்கு வருடம் தள்ளிவைத்தார்கள். தாழ்வான வீடுகளுக்கு மணல்மூட்டை கொடுத்தார்கள். பதாகையை அவிழ்த்தார்கள். பொரிப்பகம் நோபுயோவை இனி வரவேண்டாம் என்றது. தொமோயேவின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

7

ஏப்ரலில் குஞ்சுகள் கடலுக்கு இறங்கின. பாலத்தில் நான் நடுவில், அக்காவும் தங்கையும் இரு பக்கம். மன்றக் கூட்டத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

"எத்தனை போகும்னு அவகிட்ட கேளு," என்றாள் நோபுயோ என்னிடம்.

"எண்ண முடியாதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க," என்றாள் தொமோயே என்னிடம்.

"சும்மா ஒரு கணக்கு சொல்லச் சொல்லு."

"சும்மாக் கணக்கு நான் சொல்றதில்லன்னு சொல்லுங்க."

எதையும் நான் எடுத்துச் சொல்லவில்லை. அவர்களுக்கே கேட்டது.

இனி முடிவு. இரண்டு எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் நான்கு வருடம் கழித்து மீன் வருகிறது, குறியில்லாத கல்லோடு. மற்றொன்றில் கடல் இன்னும் சூடாகிறது, ஓடை வெறுமையாக ஓடுகிறது, கான்கிரீட் லாரிகள் வருகின்றன. முதலாவது நோபுயோவுக்காக எழுதியது போலிருக்கிறது. இரண்டாவதில் நான் என்னைத் தண்டித்துக்கொள்வது போலிருக்கிறது. இரண்டிலும் நிஜ மீன் இல்லை. மீன் இப்போது வடக்கே எங்கோ, யார் கண்ணிலும் படாமல், தின்றுகொண்டோ தின்னப்பட்டுக்கொண்டோ இருக்கிறது.

முடிவை உங்களிடம் கொடுத்துவிடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் உங்கள்மேலும் எனக்கு நம்பிக்கையில்லை. மீன் வந்துவிட்டது என்றுதான் எழுதுவீர்கள்.

இதற்குக் கீழே உள்ள இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். தயவுசெய்து கை வைக்காதீர்கள்.