பணம் வராவிட்டால் கிளம்பி வா

மளிகைக் கடை வாசலில் தொங்கிய அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'நோட்டு, சில்லறை வாங்க மாட்டோம். போனில் மட்டும்.'

எழுதியவர் சில்லறை அண்ணன். தொற்று வருவதற்கு முன்பு யார் எதை வாங்கினாலும் "சில்லறை இல்லையே" என்று மிட்டாயை நீட்டியே காலம் தள்ளியவர். அதனால் தெரு வைத்த பெயர். அவர் மனைவிக்கு மூச்சிரைப்பு. மாடியை விட்டு இறங்குவதில்லை. நோட்டைத் தொட்ட கையோடு மாடிப்படி ஏறினால் கதவு திறக்காது என்று அவள் சொன்ன அன்றே அட்டை தொங்கிவிட்டது.

அந்த அட்டைக்கு முன்னால்தான் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி நின்றாள். சுண்ணாம்பால் வரைந்த வட்டத்துக்குள், கையில் நோட்டுக் கத்தையோடு.

"அண்ணே, சோப்புப் போட்டு அலசி, வெயில்ல காயவெச்சு, இஸ்திரியும் போட்டுக் கொண்டாந்திருக்கேன். என் புடவைக்குக்கூட இவ்வளவு செஞ்சதில்ல."

"நீ சலவை பண்ணிட்டே தங்கச்சி. மேல இருக்கிறவ நம்பணுமே. போன்ல போடேன்."

"வீட்டுக்கே ஒரு போன். அது அவரோட ஆஸ்பத்திரியில இருக்கு."

ஒரு ஆஸ்பத்திரியில் பழுதான லிஃப்டைச் சரிசெய்யப் போன மெக்கானிக், இருமலோடு திரும்பி வந்து, இப்போது அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வீட்டுப் பணம் முழுக்க அவர் தலையணைக்கு அடியில் இருந்த போனுக்குள். அவள் துணி தைத்துச் சேர்த்த நோட்டுகளை வாங்கத் தெருவில் ஆளில்லை.

வழியைக் கண்டுபிடித்தவரும் மெக்கானிக்தான். அன்று மாலை கடை போனுக்குக் கூப்பிட்டார். "அண்ணே, என்ன வாங்கறாளோ அதுக்கு உங்க போன்லேர்ந்து எனக்குப் பணம் கேட்டு அனுப்புங்க. படுத்த இடத்துலேர்ந்தே ரகசிய எண்ணைத் தட்டிவிடறேன். அவகிட்ட கொஞ்சம் கொடுங்க, பேசணும்."

சில்லறை அண்ணன் போனைப் பாலிதீன் உறையில் போட்டு நீட்டினார். அவள் அரிசி மூட்டைகளின் பக்கம் ஒதுங்கி நின்று பேசினாள். உளுந்து அளந்துகொண்டிருந்த அண்ணன் காதில் அது விழவில்லை.

"நாளைக்கு முகத்துல ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டிடுவாங்களாம். அப்புறம் பேச முடியாது" என்றார் மெக்கானிக். "பயப்படாதே. கடையில பணம் வந்துதுன்னா நான் இருக்கேன்னு வெச்சுக்கோ. வரலேன்னா எனக்கு முடியலைன்னு அர்த்தம். அப்ப கிளம்பி வா. தோட்டத்துப் பக்கம் என் படுக்கை. ஜன்னல் கண்ணாடி வழியா பார்த்துக்கலாம்."

"இப்பவே வரேனே."

"போலீஸ்ல ஒரு தடவை போய் வரத்தான் பாஸ் தருவாங்க. அதை இப்பவே தொலைக்காதே."

அவள் மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய், வரிசையில் நின்று பாஸ் வாங்கினாள். மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. கணவன் சாகப்போகும் நேரத்துக்காக வாங்கி வைத்த சீட்டு இது என்று எந்த வாயால் சொல்வது?

கடையில் ஒரு குட்டிப் பெட்டி இருந்தது. பணம் ஏறியதும் அதிலிருந்து ஒரு பெண் குரல், "பணம் வந்து சேர்ந்தது" என்று அறிவிக்கும். அண்ணன் போனில் கேட்டு அனுப்புவார். அவள் வட்டத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சில சமயம் சட்டென்று, சில சமயம் கால் கடுக்கும் வரை காக்க வைத்து, அந்தக் குரல் வரும். அவள் முகத்தில் ரத்தம் திரும்பும்.

பிறகு சாமான் ஒரு சாக்கு ஆனது. காலையில் உப்பு. மதியம் தீப்பெட்டி. சாயங்காலம் இன்னொரு தீப்பெட்டி.

"ஏன் தங்கச்சி, வீட்ல தீப்பெட்டிக் கம்பெனி ஆரம்பிச்சிருக்கியா?"

"அடுப்பு சரியா பத்த மாட்டேங்குதுண்ணே."

அண்ணனுக்கு விஷயம் புரியாமல் இல்லை. பாதி புரிந்தது. பெட்டி பேசினால் இவள் சாப்பிடுவாள், தூங்குவாள் என்கிற பாதி.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பெட்டி பேசவில்லை.

அண்ணன் மறுபடி கேட்டு அனுப்பினார். பதில் இல்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் இருமலை அடக்கிக்கொண்டு நகரச் சொன்னார்கள். அவள் நகரவில்லை. அவள் வலது கை மெல்ல மார்புக்குப் போனது. அங்கே பாஸ் இருந்தது.

அண்ணன் கண்ணில் பட்டது கை மட்டும்தான். மார்பைப் பிடிக்கிறாள், விழப்போகிறாள் என்று நினைத்தார். மனுஷன் தூங்கியிருப்பான், சார்ஜ் தீர்ந்திருக்கும், அதற்குள் இவள் செத்துவிடுவாள் போலிருக்கிறதே.

"நெட் படுத்துது. இரு தங்கச்சி, உள்ள போய் பார்க்கறேன்."

உள்ளே மேஜை மேல், பகலில் சார்ஜுக்காக மாடியிலிருந்து கயிற்றுக் கூடையில் இறக்கிவிடும் மனைவியின் போன் கிடந்தது. எடுத்தார். ஒரு தீப்பெட்டியின் விலையைத் தன் கடைக்கே தட்டிவிட்டார்.

"பணம் வந்து சேர்ந்தது" என்றது பெட்டி.

அவள் கை கீழே இறங்கியது. முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். ஆஸ்பத்திரி எதிர்த் திசையில் இருந்தது.

சாயங்காலமும் மெக்கானிக்கிடமிருந்து வரவில்லை. அண்ணன் மறுபடி உள்ளே போனார். புதன்கிழமையும் போனார்.

"என்னங்க," என்று மாடியிலிருந்து மனைவி கேட்டாள். "என் கணக்குலேர்ந்து நம்ம கடையிலேயே தீப்பெட்டி வாங்கறீங்களா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"ஒரு பொம்பளை உசிரு அதுல நிக்குது. சும்மா இரு."

வியாழக்கிழமை காலை அவள் வந்தபோது தலை வாரியிருந்தாள். இத்தனை நாளில் முதல் தடவை.

"கவனிச்சீங்களா அண்ணே? ரெண்டு நாளா பணம் உடனே வந்துடுது. கை நடுக்கம் நின்னுடுச்சு போல. தேறிட்டார்." ரவிக்கைக்குள்ளிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். "பக்கத்து வீட்டு அக்காவோட அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். எனக்கு எதுக்கு இனிமே இந்த பாஸ்? ஸ்டேஷன்ல சொல்லி அவங்க பேருக்கு மாத்தித் தரச் சொல்லலாம்னு பார்க்கறேன்."

"என்ன பாஸ்?"

இப்போது சொல்லலாம் என்று தோன்றியது அவளுக்கு. சிரித்துக்கொண்டே சொன்னாள். பணம் வராவிட்டால் கிளம்பி வா என்றது, தோட்டத்துப் பக்க ஜன்னல், ஒரே ஒரு தடவை. "நல்லவேளை அண்ணே, ஒரு வேளைகூட வராம இல்ல."

சில்லறை அண்ணன் கையிலிருந்த சர்க்கரைப் பொட்டலம் தராசில் விழாமல் தரையில் விழுந்தது.

"வண்டியில ஏறு."

"எதுக்குண்ணே?"

"ஏறு தங்கச்சி."

ஷட்டர் பாதியில் நின்றது. வரிசையில் இருந்தவர்கள் திட்டினார்கள். சரக்கு வேன் தெருமுனை திரும்பும்போதே அவர் சொல்லிவிட்டார். ரோட்டைப் பார்த்தபடி, மாஸ்க்குக்குள் குழறி. செவ்வாய்க்கிழமையிலிருந்து பெட்டி பேசியது என் பெண்டாட்டி போனுக்கு.

அவள் அழவில்லை. கத்தவில்லை. முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேகமா போங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியின் தோட்டத்துப் பக்கம் வேலியோரமாக ஓடினாள். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே படுக்கை இருந்தது. அதில் வேறு யாரோ ஒரு கிழவர்.

விசாரணைக் கவுண்டரில் இருந்தவர் பேரைக் கேட்டு, பதிவைப் பார்த்து, தலையைச் சொறிந்தார். "போன் மேல போன் பண்ணோமேம்மா. யாருமே எடுக்கலை."

"எந்த நம்பருக்கு?"

வாசித்தார்.

"அது அவரோட போன்தாங்க" என்றாள். "எங்க வீட்டுக்கே அது ஒண்ணுதான்."

சொறிந்த கை நின்றது. பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "நேத்து சாயங்காலம் முடிஞ்சிடுச்சும்மா. ஆள் வரலேன்னா வெச்சிருக்க இடமில்ல. இன்னிக்கு விடியக்காலையில நகராட்சி வண்டி வந்துது. அதுல மத்தவங்களோட..."

"எங்க கொண்டு போனாங்க?" என்று கேட்டது அண்ணன்.

"முடிஞ்சிருக்கும் சார். இப்ப போயும் பிரயோஜனமில்ல."

பக்கத்தில் குப்பைப் பையோடு போன நர்ஸ் நின்றாள். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உறை. கண்கள் மட்டும் தெரிந்தன.

"லிஃப்ட்காரரா? நீங்கதான் அவர் வீட்டுக்காரியா?" என்றாள். "செவ்வாய்க்கிழமை காலையில போனைக் கையில வெச்சுக்கிட்டு அழுத்தவே முடியலை அவரால. நான் அழுத்தித் தரேன்னேன். வேண்டாம்னு தலையாட்டினார். மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிட்டு, 'விடுங்க சிஸ்டர், இப்ப கிளம்பியிருப்பா'ன்னார்." அவள் ஒரு கணம் தயங்கினாள். "அன்னிக்குப் பூரா ஜன்னல் பக்கமே திரும்பிப் படுத்திருந்தார். மறுநாளும். திருப்பிப் படுக்க வெச்சா திரும்ப அந்தப் பக்கம். ஏம்மா, வழியில பிடிச்சு வெச்சுட்டாங்களா?"

அண்ணன் வாயைத் திறந்தார். நர்ஸை வேறு யாரோ கூப்பிட, அவள் போய்விட்டாள்.

வெளியே வேன் கதவைத் திறந்து பிடித்தபடி அவர் நின்றார்.

"தங்கச்சி, நான் நல்லதுன்னு நெனச்சு..."

"தெரியும்ணே."

அந்த ஒற்றைச் சொல்லைத் தாங்க முடியாமல் அவர் வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை. காறித் துப்பியிருந்தால் இன்னும் தேவலை.

அவள் வண்டியில் ஏறவில்லை. வெயிலில் நடக்க ஆரம்பித்தாள். கடைகள் மூடிய நீண்ட ரோடு. அவர் வேனை உருட்டிக்கொண்டே பின்னால் போனார். ஹாரன் அடிக்கத் துணிவில்லை. முந்தவும் மனசில்லை.

போகும்போது சரக்கு வண்டி என்று நிறுத்தாமல் விட்ட தடுப்பில், இப்போது போலீஸ்காரர் அவள் நீட்டிய பாஸை வாங்கி, முத்திரையைப் பார்த்து, கிழித்துப் போட்டு, போகச் சொன்னார். வேனை நிறுத்தினார்.

"சரக்கு வண்டின்னு போட்டிருக்கு. உள்ள ஒண்ணுமே இல்லையே. எங்கய்யா போயிட்டு வரே?"

சில்லறை அண்ணன் கண்ணாடி வழியாக அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவு வந்தது. அவள் மறைந்தாள்.

"கேட்டது காதுல விழலையா? எதுக்காகப் போனே?"