படுக்கவைத்த ஃபர்னஸ்

மனிதகுலத்தின் வரலாறு என்பது குளிரோடு மல்லுக்கட்டிய மாவீரர்களின் வரலாறு. அந்த வரிசையில் இன்றைய தேதிக்கு முதல் ஆள் தான்தான் என்று ராட்னி காங்கஸ் தன் வேனின் இரண்டு பக்கமும் எழுதியே வைத்திருந்தார்: 'குளிரே, எதிரே காங்கஸ்!' அந்த மாவீரர் இப்போது லெனோர் வீட்டுத் தரைக்கு அடியில், மூக்கில் சிலந்தி வலையோடு மல்லாந்து கிடந்தார்.

அமெரிக்காவில் மினசோட்டாவின் வடகோடியில் ஜனவரி மாதம். லெனோரின் வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸ் உயிரை விட்டிருந்தது. அதைவிட மோசமான சேதி, அவர் தபால் ஆபீசில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னது: "வெள்ளிக்கிழமைக்குள்ள வீடு சூடாகலேன்னா வெயிலடிக்கிற அரிஸோனாவுக்கு மக வீட்டுக்கே போயிடுவேன். அப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்."

லெனோருக்குக் கணவர் இல்லை, ராட்னிக்கு மனைவி இல்லை. நான்கு வருடமாக ஞாயிறுதோறும் சர்ச்சில் காபி குடிக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து ராட்னி வானிலை பேசியிருக்கிறார். வேறெதையும் பேச வாய் வந்ததில்லை.

இன்று வெள்ளிக்கிழமை.

"ஒத்தை ஆளா முடியுமா? பெல்டோவையும் கூப்பிடட்டுமா?" என்று காலையிலேயே லெனோர் கேட்டார்.

"பெல்டோவா! அவனுக்கு ஃபர்னஸுக்குத் தல எது, கால் எதுன்னே தெரியாதுங்க." பெல்டோ ஊரிலுள்ள இன்னொரு ஃபர்னஸ்காரன். வேலை முடிந்ததும் ஃபர்னஸ் மேல் ஒட்ட, ராட்னி தன் பேரும் போன் நம்பரும் போட்ட ஸ்டிக்கரைச் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தார்.

மரத்தரைக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் உட்காரக்கூட உயரம் கிடையாது. புது ஃபர்னஸைப் படுக்கப்போட்டுத்தான் வைக்கவேண்டும். வெளியிலிருந்து தள்ளுவதைவிட உள்ளேயிருந்து இழுப்பது சுலபம் என்று அவருடைய அனுபவம் சொன்னது. முன்னால் தவழ்ந்து போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார். பலகைமேல் வழுக்கி வந்த ஃபர்னஸ், இரண்டு தூண்களுக்கு நடுவே போட்டிருந்த கட்டைகள்மேல் கச்சிதமாக இறங்கி உட்கார்ந்தது. விரல் நுழைய இடமில்லை. தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டார். அப்புறம்தான் வெளியே போகும் வாசல் ஃபர்னஸுக்கு அந்தப் பக்கம் இருப்பதும், தான் இந்தப் பக்கம் இருப்பதும் உறைத்தது.

காலால் உதைத்துப் பார்த்தார். ஃபர்னஸ் அசையவில்லை. அவருடைய இடுப்புதான் 'டக்' என்றது.

தலைக்கு மேலே, சூடான காற்று வருவதற்காகத் தரையில் வெட்டிய ஓட்டையில் லெனோரின் முகம் தெரிந்தது.

"ராட்னி, சத்தத்தையே காணோமே?"

"யோசிச்சிட்டிருக்கேன்."

"மாட்டிக்கிட்டீங்களா?"

"மாட்டிக்கிட்டேன்னு சொல்லமுடியாது. வெளிய வர வழியில்ல, அவ்வளவுதான்."

மேலே சிரிப்பை அடக்கும் சத்தம். பிறகு ஓட்டை வழியாக ஒரு கம்பளித் தொப்பி விழுந்தது.

"போட்டுக்குங்க. என் தோள் இருக்கற லட்சணத்துக்கு என்னால இழுக்கமுடியாது. பெல்டோவக் கூப்பிடறேன்."

"அவன் மட்டும் வேணாங்க!"

"அப்ப நான் பொட்டியக் கட்டவா?"

ராட்னி தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, கண்ணை மூடிக்கொண்டு தரைப்பலகையிடம் சொன்னார்.

"அவனையே கூப்பிடுங்க. நீங்க போகாதீங்க, லெனோர். நீங்க போயிட்டா ஞாயித்துக்கிழமை நான் யார்கிட்ட வானிலை பேசுவேன்?"

முகம் மறைந்தது. லெனோர் போனில் பேசுவது கேட்டது. நெடுநேரம் கழித்து முகம் திரும்பி வந்தது.

"நாலு வருஷமா வானிலை கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. வேற எதாவது பேசறதா இருந்தாச் சொல்லுங்க, இருக்கேன்."

"பேசறேன்," என்றது தரை.

பெல்டோ வந்தான். "யோவ் காங்கஸ், குகைக்குள்ள கரடி தூங்குதா?" என்றபடி ஃபர்னஸைத் தூக்கி இழுத்தான். அடுத்து ராட்னியை இழுத்தான். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தான். "கேஸ் எரிஞ்சா வர்ற தண்ணி வடியற ஓட்டைய மேல பாத்து வச்சிருக்கியேய்யா! தண்ணி மாடிக்கா போகும்?"

ராட்னியால் நிமிர முடியவில்லை. சோபாவில் வெந்நீர்ப் பையோடு குப்புறக் கிடந்து, யாரும் கேட்காத யோசனைகளைத் தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பெல்டோ ஃபர்னஸைப் புரட்டிப்போட்டு, வடிகால் பக்கம் லேசாகச் சாய்த்து, கேஸ் குழாயை மாட்டினான். சாயங்காலம் ஓட்டை வழியே வெதுவெதுப்பு மேலே வந்தது. லெனோர் பெட்டியைப் பரண்மேல் திருப்பி வைத்தார்.

ஏப்ரலில் ராட்னி லெனோரைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டு மாப்பிள்ளையானார். ஃபர்னஸ் மேல் ஒட்டியிருப்பது பெல்டோவின் ஸ்டிக்கர்.