வீரனின் பணியாளுக்கு ஒரு சொல்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆங்கில நாவல்களைப் பின்னிஷ் மொழிக்குக் கொண்டுவருகிறோம். முகப்பில் சார்க்கனென் என்ற பெயர் இருந்தால் பின்லாந்தின் தம்பரே நகரத்தில் யாரும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

அன்று பிற்பகலே இருட்டிவிட்டது. நான் மொழிபெயர்க்கும் கதையில் போருக்குக் கிளம்பும் வீரனின் பின்னால் ஓர் இளைஞன் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறான். ஆங்கிலத்தில் ஸ்க்வையர். பின்னிஷில் எழுதப்போன கை நின்றது.

ஆயுதம் சுமப்பவன் என்று எழுதலாம். அது கூலியாள். இவனோ நாளைக்கு வீரனாகப் போகிறவன். அவனுக்கென்றே ஒரு சொல் உண்டு, பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அது வரவில்லை. அகராதி பக்கத்தில்தான் இருந்தது. இதற்குப் போய் அதைத் திறப்பதா?

அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடைசியில் முள்கரண்டியின் பெயர்கூடத் தெரியாமல் போனார். அவருடைய கடைசி நூலை அம்மாதான் எழுதினாள். முகப்பில் அப்பா பெயர். வெளியே யாருக்கும் தெரியாது.

தங்கை ஹில்ப்பா காப்பியும் குறுக்கெழுத்துமாக உட்கார்ந்திருக்கும் நேரம். போன் செய்தேன்.

"குறுக்கெழுத்துல ஒண்ணு மாட்டிக்கிச்சு. வீரனோட கேடயத்தத் தூக்கிட்டுப் போறவன், அவன் பேரு என்ன?"

"வேலையத்தவங்கதான் குறுக்கெழுத்து போடுவாங்கன்னு சொல்லுவியே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"க்னாபி."

ஆம், க்னாபி. மூச்சு வந்தது. சிரிக்க முயன்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணா, முந்தாநேத்தும் இதையேதான் கேட்ட. இதே மாதிரி, குறுக்கெழுத்துன்னு சொல்லி."

நான் அவளை அழைத்ததாகவே நினைவில்லை. எவ்வளவு துருவினாலும் அந்த நாள் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"நான் வர்றேன்," என்றாள். "மிச்சத்த நான் எழுதறேன். அம்மா செஞ்சதுதானே. வெளிய தெரிஞ்சா நம்ம பேரு என்ன ஆகும்?"

"பேருக்காகத்தான் வேண்டாங்கறேன். நான் எழுதாததுல என் பேரு இருக்காது."

அவள் அழத் தொடங்குமுன் வைத்துவிட்டேன். துணிச்சல் போவதற்குள் பதிப்பாசிரியையை அழைத்தேன்.

"இந்தப் புத்தகத்த வேற யார்கிட்டயாவது குடுத்துடும்மா. எனக்குச் சொல்லெல்லாம் மறந்து போகுது."

"உங்களுக்கா? சும்மா விளையாடாதீங்க சார்," என்று அவள் சிரித்தாள்.

அதை இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.