ஓரியோல் கலத்தின் கழிவறை

ஓரியோல் விண்கலத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மூன்று சீசன், முப்பது எபிசோட். ஒருவர்கூடக் கழிவறைக்குப் போகவில்லை.

நான் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் பாதுகாப்பு அதிகாரி. அந்தக் கலத்தில் எஞ்சினுக்கு மேலே போகும் பாலத்தில் கைப்பிடி கிடையாது. எதிரி சுட்டால் மேசையிலிருந்து தீப்பொறி பறக்கும். ஃப்யூஸ் என்ற ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை. கேப்டன் நாற்காலியில் பெல்ட் இல்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டேதான் பார்ப்பேன்.

"எல்லாம் செவுத்துக்குள்ள இருக்கும். வாய மூடிக்கிட்டு பாரு" என்பாள் என் மனைவி வெண்மதி.

"கக்கூஸுமா?"

"கக்கூஸுந்தான்."

பந்தயம் அப்படித் தொடங்கியது. தொடர் முடிவதற்குள் கழிவறைக்கு அத்தாட்சி கிடைத்தால் நான் மீசையை எடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால், அடுத்த தொடர் முழுக்க அவள் என்னை வாய் மூடச் சொல்லக் கூடாது.

இருபத்தொன்பது எபிசோட் சேர்ந்து பார்த்தோம். மார்ச்சில் அவள் இறந்தாள். காய்ச்சல். ஐந்து நாள்.

கருமாதியன்று மழிக்க ஆள் வந்தபோது தலையைக் கொடுத்தேன். மீசையைக் கொடுக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. உறவினர்கள் முணுமுணுத்தார்கள். மாமனார் சுப்புராயன் என்னுடன் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

நவம்பரில் கடைசி எபிசோட் வந்தது. வெண்மதியின் தம்பி ராஜவேல் போன் செய்தான். "மச்சான், ஞாயித்துக்கெழம செதம்பரம் வந்துடுங்க. தனியா பாத்தீங்கன்னா கள்ள ஆட்டம். நான் அக்கா கட்சி."

பேருந்து பரங்கிப்பேட்டைப் பிரிவைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் அக்கா கட்சிதான். தோற்றாக வேண்டும்.

சிதம்பரத்தில் கீழே மாமனாரின் பைப் கடை, மேலே வீடு. நான் போவதற்குள் ராஜவேல் பந்தயத்தை எல்லோரிடமும் சொல்லியிருந்தான். மாமியார் அமராவதி என் மீசையையே பார்த்தார்.

"அதுக்காவா அன்னிக்கு எடுக்கல?"

தலையாட்டினேன். மாமனார் நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டார்.

எபிசோட் ஆரம்பித்தது. ஒவ்வொரு கதவு திறக்கும்போதும், "இதான், இதான்!" என்று ராஜவேல் எகிறிக் குதித்தான். ஒன்று சமையலறை. ஒன்று துப்பாக்கி அறை. ஒன்றில் செடி வளர்த்தார்கள்.

"அந்தப் பொண்ணு மாசமா இருக்காடா" என்றார் அமராவதி. "மாசமா இருக்கறவ எத்தினி தடவ போவா! ஒரு தடவ காட்டுனா இன்னா கொறஞ்சிடும்?"

"நானூறு பேருக்குத் தண்ணி எங்கேந்து ஏத்துறான்?" என்றார் மாமனார். "டேங்க் எங்க வச்சிருக்கான்?"

"யப்பா, சண்டை நடக்குது, சும்மா இருப்பா."

கலம் ஏதோ ஒரு கிரகத்தில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. பிழைத்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். பெயர்கள் ஓடின.

"அவ்ளோதான்" என்றான் ராஜவேல். "மச்சான் ஜெயிச்சிட்டாரு."

"பின்னாடி போ" என்றேன். "விழுந்த எடத்துக்கு. இன்னும் கொஞ்சம். நிறுத்து."

கேப்டன் அழுதுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் கிழிந்திருந்தது. உள்ளே வெள்ளிப் பெயிண்ட் அடித்த தடிக் குழாய் ஒன்று வளைந்து இறங்கியது. வளைவில் ஒரு சின்ன மூடி, நான்கு போல்ட்.

"மாமா, இது இன்னா?"

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் மூக்கு இடிக்கும்வரை போனார். விறுவிறுவென்று கீழே இறங்கினார். கடை ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. சாம்பல் நிறக் குழாய் வளைவு ஒன்றோடு மூச்சிரைக்க வந்து, அதைக் கேப்டனின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே வளைவு. அதே மூடி. அதே நான்கு போல்ட்.

"டோர் பெண்டு!" என்று கத்தினார். "அடைச்சிக்கிச்சின்னா தொறந்து குத்தறதுக்கு. கக்கூஸ் லைனுக்குத்தான் போடுவோம்!"

"எவனோ கடையில வாங்கி பெயிண்ட் அடிச்சிருக்கான்பா."

"வாங்கட்டுமே. லைன் போட்டிருக்கானா இல்லியா? நீ யாரு கட்சிடா?"

"செவுத்துக்குள்ள" என்றேன். "அவ சொன்ன மாதிரியே."

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. ராஜவேல் சோபாமேல் நின்று விசில் அடித்தான். அமராவதி புது பிளேடு தேடி ஓடினார். ஒரு பக்கம் எடுத்ததும் வெளியே வந்து காட்டினேன். மாமனார் சிரித்த சிரிப்பில் டோர் பெண்ட் அவர் கால்மேலேயே விழுந்தது. காலைப் பிடித்துக்கொண்டும் சிரித்தார்.

"எம் பொண்ணு ஜெயிச்சிட்டா மாப்ள. மீதியையும் எடு."

எடுத்தேன்.

திங்கட்கிழமை காலை, ஆலை வாசலில் காவலாளி பழனிவேல் என் அடையாள அட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்ப அட்டையைப் பார்த்தார்.

"மீசை எங்க சார்?"

"தோத்துட்டேன்."

"எதுல சார்?"

"விண்கலத்துல கக்கூஸ் இருக்குதாம்."

அவர் என் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் டோர் பெண்ட் இருந்தது.

"அத்தாட்சி" என்றேன். சிரிப்பில் வார்த்தை பாதிதான் வந்தது.