நஸீஹா விதித்த வேகம்

நோன்பு தொடங்குவதற்கு முந்திய வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி முதல், தொண்ணூற்றாறு பயணிகளுடன் வந்த விமானம் ஒன்று துனீசியாவின் வாதி ஸைதூன் நகருக்கு மேலே கழுதை வண்டியின் வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அது அந்தரத்தில் நின்றுவிட்டதாகத் தலைநகரத்து நாளேடுகள் எழுதியது பொறுப்பற்ற செயல். அது நிற்கவில்லை, தனக்கு விதிக்கப்பட்ட வேகத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

வேகத்தை விதித்தவள் கட்டுப்பாட்டுக் கோபுரத்து நஸீஹா. அவள் சொல்லை வானத்தில் எதுவும் மீறியதில்லை. நாரைகள்கூட அவள் குறித்த இடைவெளியில்தான் இறங்கும். அன்று மேகம் தாழ்ந்திருந்ததால் விமானிகள் கருவிகளை நம்பியே இறங்கினர். முன்னே ஒரு பழைய விமானம் தள்ளாடியதால், பின்னே வந்ததை வேகம் குறைக்கச் சொன்னாள். ‘ஓடுபாதைக்கு நான்கு மைல் வரை’ என்று எல்லையும் சொல்வது முறை. அதைச் சொல்வதற்குள், தங்கை ஹயாத்தின் மருதாணிச் சடங்கில் மூன்று நாள் குலவையிட்ட தொண்டை அடைத்துக்கொண்டது. எல்லை சொல்லப்படாததால் விமானம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனது. விதித்த குரலே விலக்க வேண்டும் என்பதால், சக ஊழியர்கள் ஒலிவாங்கியில் கத்தியதை விமானத்தின் இயந்திரங்கள் மதிக்கவில்லை.

விமானத்தில் இருந்தான் ஹயாத்தின் மணமகன் மொன்ஸெஃப். திருமண ஒப்பந்தம் எழுதும் நோட்டரி ஐந்து மணிக்குப் புறப்பட்டுவிடுவார். தவறினால் நோன்பு முடியும்வரை ஒரு மாதம் திருமணம் இல்லை. விமானம் குன்றைக் கடந்தபோது, ஒலிவக்காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சன்னல் வழியே அவனுக்கு ரொட்டி நீட்டினர்.

“ஏன் மாப்ளே, இந்த வேகத்துல வந்தா உன் பேரனுக்குத்தான் கல்யாணம் நடக்கும்,” என்றாள் ஏணியில் நின்ற ஒருத்தி.

“நான் இறங்கித் தள்ளக்கூடத் தயார் அத்தை. கதவைத் திறக்க மாட்டேங்கிறாங்க.”

நாலரை மணிக்கு ஹயாத் மணக்கோலத்திலேயே கோபுரம் ஏறினாள்.

“என் கல்யாணத்த ஆகாசத்துல தொங்கவிட்டுட்டு உக்காந்திருக்கியேக்கா. பேச்சு வரலன்னா குலவை போடு. அதுக்குத் தொண்டை எதுக்கு, நாக்கு போதாதா?”

நஸீஹா ஒலிவாங்கியில் குலவையிட்டாள். பெற்ற கட்டளையை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. விதியை மதிக்கும் அந்தப் பெரிய மீசைக்காரரும் பிசிறில்லாமல் குலவையிட்டார். விமானம் உரிய வேகத்தைப் பெற்றுத் தரையிறங்கியது. வருகைக் கூடத்துக்கே அழைத்து வரப்பட்டிருந்த நோட்டரியின் முன்னே, ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், மொன்ஸெஃப் ரொட்டியும் கையுமாகக் கையெழுத்திட்டான்.

அன்றுமுதல் வாதி ஸைதூனில் வேகக் கட்டுப்பாட்டை விலக்கக் குலவைதான் இடப்படுகிறது. வெளிநாட்டு விமானிகளும் திருப்பிச் சொல்கிறார்கள். பிசிறினால் நஸீஹா இன்னொரு முறை சொல்ல வைக்கிறாள்.